டெனிஸின் காலை மாத்திரை

வலி மாத்திரைக்கு அடிமையாகிப்போன தம்பி டெனிஸை வீட்டிலேயே வைத்துத் தேற்றச் சொல்லி, மருத்துவமனை செலினிடம் ஒரு பெட்டியைக் கொடுத்திருந்தது. காலையில் அது ஒரே ஒரு கேள்வி கேட்கும். கூட இருப்பவர் நோயாளியை நம்புகிறார் என்று தெரிந்தால்தான் அன்றைய மருந்து விழும். குரலில் பொய் இருந்தால் அதற்குத் தெரிந்துவிடும்.

"இன்று இவரை நம்புகிறீர்களா?"

"நம்புதேன்."

"பொய்."

செலினை வேலைக்கு ஏற்றிப்போக வந்த உப்பள வண்டி வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. டெனிஸோ போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு, மூக்கு ஒழுக உட்கார்ந்திருந்தான். மருந்து விழாவிட்டால் மத்தியானத்துக்குள் பழைய மாத்திரைக்காரனைத் தேடிப் போய்விடுவான்.

"நம்புதேன், நம்புதேன், நம்புதேன். போதுமா?"

"பொய்."

"இந்தச் சனியன மனுசன் செஞ்சானா, மாமியா செஞ்சாளா?"

டெனிஸ் மெல்ல எழுந்துபோய், ஹெல்மெட்டுக்குள் ஒளித்திருந்த பொட்டலத்தை எடுத்துவந்து அவள் கையில் வைத்தான். அதே பழைய வலி மாத்திரைகள்.

"வேற எங்கல வச்சிருக்க?"

"அரிசிப் பானையில ரெண்டு கெடக்குக்கா."

"நான் பொங்குத அரிசியிலயா?" செலினுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "போலே. செத்தாலும் இனி உன்ன நம்ப மாட்டேன்."

"பொய்," என்றது பெட்டி.

மாத்திரை தட்டில் விழுந்தது. டெனிஸ் அக்காளைப் பார்த்தான்.

"பல்லக் காட்டாத," என்றாள் அவள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "நாக்குக்கு அடியில வைல."