கையேட்டின் கடைசிச் சொல்

யாமிலே காலைக்குச் சுட்ட அரேப்பா என்ற சோள ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு, மெடலின் நகர ஆஸ்பத்திரியில் கொடுத்த கையேட்டைப் பிரித்தாள். எதிரே அம்மா லிபியா அடக்கமாக உட்கார்ந்தாள். மகள் இருபது வருடம் நரம்பியல் வார்டில் நர்ஸ். விளக்கிச் சொல்வதில் கைதேர்ந்தவள்.

"கவனமா கேளும்மா. அஃபேசியான்னா, சொல்ல வந்த வார்த்தை வாய்க்கு வராது. அக்னோசியான்னா, பொருள் கண்ணுக்குத் தெரியும், என்னன்னு மட்டும் புரியாது."

"சரி கண்ணு."

"டிமென்ஷியான்னா ஆளையே கொஞ்சம் கொஞ்சமா தின்னுடும். அப்பாவை நாப்பத்தாறு வயசுல தின்னுச்சே, அதான்."

"அது உங்கப்பா வம்சத்து வியாதிடி. நான் வெளியூர்லேர்ந்து வாக்கப்பட்டு வந்தவ."

"பாத்தியா, இப்படிப் பேசறதுக்கும் கடைசிப் பக்கத்துல பேர் போட்டிருக்கு. அனோசோக்னோசியா. நோய் வந்தவங்களுக்கே அது வந்தது தெரியாது. அவங்ககிட்ட சண்டை போடக் கூடாதாம்."

"போடலை கண்ணு," என்றாள் லிபியா.

"நல்ல அம்மா. மாத்திரை போட்டுக்கறியா?"

"நீ முதல்ல போட்டுக் காட்டு. அப்பதான் போடுவேன்."

"சின்னக் குழந்தை தோத்துது போ." யாமிலே சிரித்துக்கொண்டே ஒரு மாத்திரையை விழுங்கிக் காட்டினாள்.

லிபியா தன் பங்குக்கு ஒரு பெப்பர்மிண்டை வாயில் போட்டுக்கொண்டு, மாத்திரை டப்பாவை மூடினாள். அதில் ஒட்டியிருந்த சீட்டில் 'யாமிலே, வயது நாற்பத்துநான்கு' என்று இருந்தது.

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவளை மகள் கைப்பிடித்து நிறுத்தினாள். ஓரமெல்லாம் கிழிந்துபோன கையேடு மறுபடியும் அவள் மடியில் விரிந்திருந்தது.

"உக்காரும்மா. ஆஸ்பத்திரியில இதை இன்னிக்குத்தான் குடுத்தாங்க. கவனமா கேளு."

லிபியா உட்கார்ந்தாள்.