பூசினாற்போல் ஒரு முகம்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. தி. நகரில் ஒரு வீட்டில், ஒரு சாயங்காலம் நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் காபி ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

"அதுல கை வைக்காதம்மா! அது பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கு!" என்று ராஜரத்தினம் மேசைக்குக் குறுக்கே வந்து நின்றார்.

"நீங்க சும்மா இருங்க," என்றாள் அவர் மனைவி முத்துலட்சுமி. "மாடி வீட்டுப் பொண்ணு, ஆபீஸ்லேர்ந்து வந்த அலுப்போட இறங்கி வந்திருக்கு. நீ பாரு கயலு."

கயல் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். எழுத்தெல்லாம் பெரிது பெரிதாக, ஓரம் கலங்கி, மழையில் நனைந்த சுவரொட்டி மாதிரி இருந்தது.

"இன்னா அங்கிள் இது! எப்டி இதப் பாத்துக்கினு கீறீங்க?"

"வயசான லேப்டாப்மா. எனக்கே கண்ணு மங்குது, அதுக்கு மங்காதா?"

"போன மாசம் வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு," என்றாள் முத்துலட்சுமி. "எழுத்து எப்படி வேணா போகட்டும், கயலு. எனக்குப் பிரபு முகம் தெரியணும். எங்க ரெண்டு பேருகிட்டயும் இருக்கறது பட்டன் போன். கனடாவுல இருக்கற பிள்ளையை இதுலதான் பார்க்கணும்."

"டெய்லி பேசறீங்கல்ல ஆன்ட்டி?"

"பேசறேன். முன்னால எலும்பும் தோலுமா வந்து உக்காருவான். பார்த்துப் பார்த்து எனக்குச் சோறு இறங்கல. மாத்திரையைப் போட்டுட்டுச் சாப்பிடாம கிடந்து, சுகர் இறங்கி மயங்கி விழுந்தேன்லா? நீதானே ஆட்டோ கூப்பிட்டே. இப்பத்தான் பிள்ளைக்குக் கன்னம் பூசினாப்ல வந்திருக்கு. நானும் ரெண்டு வாய் சாப்பிடறேன். இன்னைக்கு அவனுக்குப் பிறந்தநாள். அந்தக் கன்னத்தைத் தெளிவா ஒரு தடவை பார்த்துடணும்."

"மங்கலாவே பாரேன். கண்ணு படாம இருக்கும்," என்றார் ராஜரத்தினம்.

"பெத்தவ கண்ணு படுமாக்கும்! அந்தப் பொண்ணுக்கு ஒரு காபி போட்டுத் தரணுமேன்னு பயம் உங்களுக்கு."

"காபிதானே? நானே போட்டுத் தரேன். அவளை மேல அனுப்பிடு."

கயல் சிரித்துவிட்டாள். அதற்குள் லேப்டாப் மணியடித்தது. திரையில் பிரபு வந்தான், கன்னம் கொழுகொழுவென்று.

"வந்துட்டியா ராசா! இரு, உனக்காகப் பாயசம் வெச்சிருக்கேன், கொண்டாந்து காட்டறேன்," என்று முத்துலட்சுமி சமையலறைக்கு ஓடினாள்.

கயல் செட்டிங்ஸைத் திறந்தாள். "இத பார்றா! அங்கிள், யாரோ ரெசல்யூஷனைக் கொறைச்சு வெச்சுக்கீறாங்க. அதான் இந்த மங்கல். ஒரு தட்டு தட்டினா சரியாப் பூடும்."

"கயல், வேணாம்மா..."

தட்டிவிட்டாள்.

திரை ஒரு நொடி இருண்டு, பளிச்சென்று தெளிந்தது. எழுத்துகள் ஊசிமுனையாகக் கூர்ந்தன. நடுவில் பிரபுவின் முகம் இரண்டு பக்கமும் ஒடுங்கி, கன்னம் ஒட்டி, தாடை எலும்பு துருத்திக்கொண்டு நின்றது.

"ஐயோ, இன்னா அங்கிள், ஆளே மாறிட்டான்?"

"மாறலம்மா, அவன் அப்படியேதான் இருக்கான்," என்றார் ராஜரத்தினம், குரலைத் தாழ்த்தி. "அளவைக் குறைச்சா படம் பக்கவாட்டுல இழுத்துக்கும். ஒல்லி மூஞ்சியும் உருண்டையாயிடும்."

சமையலறைப் பக்கமிருந்து காலடிச் சத்தம் நெருங்கியது.

திரைக்குள்ளிருந்து பிரபு பதறிப்போய்க் கிசுகிசுத்தான்: "கயல் அக்கா, சீக்கிரம்! அம்மா வர்றதுக்குள்ள என்னை மறுபடியும் குண்டாக்குங்க!"

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எந்தத் தேசத்தில் இருந்தாலும் வேளாவேளைக்கு வயிறாரச் சாப்பிட்டு, நிஜமாகவே சதை போட்டு, நல்லபடியாக வீடு வந்து சேரட்டும்.