பக்கவாட்டில் கண் வைத்த வண்டி

"இது என்னா வண்டின்னு கேட்டா, இப்பல்லாம் எவன் மூஞ்சியைப் பார்த்துப் பதில் சொல்றான்? போனைத் தடவிப் பார்த்துட்டுத்தான் வாயையே தெறக்கறானுங்க!"

கெலமங்கலம் ரயில் நிலையத்தில் ஓரமாக நின்றிருந்த மஞ்சள் வண்டியைக் கைத்தடியால் காட்டியபடி சத்தம் போட்டார் திம்மராயப்பன்.

தண்டவாளத்தை ஒட்டி அவருக்கு ரோஜாத் தோட்டம். அவரும் சம்சாரமும் சாப்பிடுவது அதை நம்பித்தான். காலையில் பூப் பறித்துக்கொண்டிருந்தபோது இந்த வண்டி வந்தது. வேகமாக வந்தது, தோட்டத்துக்குப் பக்கத்தில் மட்டும் ஆமை மாதிரி ஊர்ந்து போனது. இன்னொரு லைன் போடப்போகிறார்கள் என்று ஊரில் வேறு பேச்சு. நிலத்தைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, பறித்த பூவை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்திருந்தார்.

"கோவப்படாதீங்கய்யா," என்றான் அழகர்சாமி. மதுரைப் பக்கத்துப் பையன், ஓசூர்த் தொழிற்சாலையில் வேலை, ஊருக்குப் போக ரயிலுக்காக நின்றவன். "இது இன்ஜின்தேன். முன்னால பாருங்க, ஹாரன் இருக்கு."

"பின்னாடியும் பாரு. பெரிய பெரிய கண்ணாடி சன்னலு, திரை வேற. இன்ஜினுக்கு எதுக்குடா திரை?"

"அப்பப் பெட்டிதேன்."

"அடியில டீசல் டேங்கு தொங்குது. பெட்டி டீசல் குடிக்குமா?"

அழகர்சாமி மறுபடி போனைப் பார்த்தான். அதற்கும் தெரியவில்லை.

டீத் தூக்கோடு வந்த ஜீனத் நின்றாள். ஸ்டேஷன் வாசலில் கடை வைத்திருப்பவள். "நான் உள்ள போய்ப் பார்த்தேன் தாத்தா. சோபா போட்டிருக்குது. டிவி நாலு இருக்குது. ஒண்ணுலயும் சீரியல் ஓடல, வெறும் கோடு கோடா ஓடுது."

"கோடா?" பெரியவரின் முகம் மாறியது. "கோடு போட்டா நிலத்தை அளக்கறான்னுதான் அர்த்தம். நான் அப்பவே நெனச்சேன்."

அவர் வண்டியின் இடுப்பில் தடியால் தட்டினார். கதவைத் திறந்துகொண்டு ராஜேஷ்குமார் குதித்தான். ரயில்வே டெக்னீசியன், கையெல்லாம் கிரீஸ்.

"தாத்தா, தட்டாதீங்க! உள்ள மிஷின் எல்லாம் இருக்குது."

"என்னா வண்டின்னு சொல்லு. தட்டல."

"பழைய டீசல் இன்ஜினுங்க. கூட்ஸ் இழுத்துட்டிருந்தது. லைன்ல கரண்ட்டு வந்ததும் சும்மா கிடந்தது. ஒர்க்‌ஷாப்புல பாதியை வெட்டி ரூமா மாத்திட்டாங்க. தண்டவாளம் ஒழுங்கா இருக்குதான்னு பார்க்கற வண்டி, அவ்வளவுதான்."

"நாந்தேன் மொதல்லயே சொன்னேனே, இன்ஜின்னு!" என்றான் அழகர்சாமி.

"பெட்டின்னு சொன்னதும் நீதானே? சும்மா இரு." பெரியவர் ராஜேஷ்குமாரிடம் திரும்பினார். "தண்டவாளம் கீழ கிடக்குது. பக்கவாட்டுல எதுக்கு இந்தக் கண்ணாடிக் கண்ணு?"

"கம்பம், மரக்கிளை எதுனா ரயில்ல உரசற மாதிரி நீட்டிட்டிருந்தா அது காட்டிக் குடுத்துடும்."

"எத்தனை அடி வரைக்கும் பார்க்கும்?"

"ஒரு பத்து அடி."

"அதுக்கு அந்தாண்ட?"

"அதுக்கு அந்தாண்ட தேவையில்லைங்க."

"தேவையில்லையா, தெரியாதா? சரியாச் சொல்லு."

"தேவையும் இல்ல, தெரியவும் தெரியாது."

"கண்ணு இருக்கறவன் பத்து அடியோட நிறுத்திக்குவானா? சரி, ரோஜாத் தோட்டத்துக்கிட்ட ஏன் மெதுவாப் போன?"

"அங்க வளைவு இருக்குது தாத்தா. எல்லா வண்டியும் மெதுவாத்தான் போகும்."

"இத்தனை வருசமா நான் பார்க்காத வளைவா? கூட்ஸ் போகுது, எக்ஸ்பிரஸ் போகுது. இப்படி நின்னு நெதானமாப் பார்த்துட்டு எதுவும் போகல."

ராஜேஷ்குமாருக்குத் தலை சுற்றியது. "நிலத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லைங்க. உங்க தோட்டத்தை யாரும் எடுக்க மாட்டாங்க. பத்து நிமிசத்துல தர்மபுரி கிளம்பிடுவோம். நம்புங்க."

"அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும், தாத்தா," என்று ஜீனத் ஒரு டீயை நீட்டினாள்.

"நீ உள்ள போய் டீ குடுத்தவ. அவனுக்குத்தான் பேசுவ," என்று சொல்லிவிட்டு, டீயைத் தொடாமல் நடந்தார் திம்மராயப்பன். பாதி இன்ஜினாம், பாதி ரூமாம், பத்து அடியாம். கேட்பவன் காதில் பூ.

தண்டவாளத்தை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில் சென்னம்மாள் எதிரே வந்தாள், அவர் சம்சாரம்.

"என்னா வண்டியாம்? காலி பண்ணச் சொல்லிட்டாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. அதான் பயமா இருக்குது. நாலு வரிசைச் செடியைப் பிடுங்கணும், கடப்பாறையை எடுத்து வை."

"ஐயோ, பூக்கற செடியாச்சே! தோட்டம் நம்மளுதுதானே?"

திம்மராயப்பன் நிற்காமல் நடந்தார். "நம்மளுதுதான். பத்து வருசமா வருசத்துக்கு ஒரு முழம் தண்டவாளத்துப் பக்கம் நான் நகர்த்தி நட்டது மட்டும்தான்டி ரயில்வே எல்லைக் கல்லு."