இடப்பக்க முன்சக்கரம்

பட்டறைக் கூரையின் ஓட்டை வழியே இறங்கும் வெயில், கழற்றி வைத்த கார்புரேட்டரின் பித்தளை வாயில் ஒரு பொட்டுபோல நிற்கிறது. பெட்ரோல் வாடை மெல்லக் கிறுகிறுக்க வைக்கிறது. நாலு சக்கரமும் இழுக்கும் அந்தப் பழைய வண்டி கிளம்ப மறுத்ததால், காலையில் கயிறு கட்டி இழுத்து வந்திருக்கிறார்கள். "ஒரு மாசமா ஷெட்லயே கெடந்தா அடைக்காம என்ன செய்யும்?" என்கிறார் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் அப்பா. அவருக்கு இடது கண் போய்விட்டது; இனி வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாவி மகளின் கைப்பையில் இருக்கிறது. அவள் அதைத் தடவிப் பார்த்துக்கொள்கிறாள். "நின்ன வண்டி எப்படிப்பா அரை டேங்க் குடிச்சுது?" "ஆவியாப் போயிருக்கும்மா. போலீஸ் மாதிரி கேக்காத." மெக்கானிக் சிரிக்கிறார், கொஞ்சம் அவசரமாகவே. அவள் முன்சக்கரத்தருகே குனிகிறாள். சக்கரத்தின் நடுவே இருக்கும் குமிழை, சேற்றில் போகும்போது மட்டும் இறங்கிக் கையால் திருகிப் பூட்ட வேண்டும்; திரும்பி வந்ததும் விடுவிக்க வேண்டும். வலப்பக்கக் குமிழ் விடுவிக்கப்பட்டிருக்கிறது. இடப்பக்கத்தது பூட்டியபடியே இருக்கிறது. அதன் இடுக்கில் விரலை வைக்கிறாள். சேறு ஈரமாக ஒட்டிக்கொள்கிறது. விரலை அப்பாவின் வலது கண்ணுக்கு நேராக நீட்டுகிறாள். "இன்னொரு சாவி யாருப்பா செஞ்சு குடுத்தது?" அப்பா விரலைப் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. மெக்கானிக்கைப் பார்க்கிறார். மெக்கானிக், ஏற்கெனவே சுத்தமாகிவிட்ட பித்தளைத் துளையை மறுபடி ஊதிக்கொண்டிருக்கிறார்.