மேஜையில் கடைசியாக இருந்தது

ரம்பம் ஏழாவது ஹெல்மெட்டைக் கடித்துக்கொண்டிருந்தபோது, எட்டாவதைப் பார்க்காமல் இருக்கப் பாதுகாப்பு அதிகாரி பெரும்பாடு பட்டார்.

எட்டாவது அவருடையது.

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் சைக்கிள் கொட்டகை முன்னால் வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் காட்சி இது. சைக்கிளில் வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் தங்கள் ஹெல்மெட்டை மேஜைமேல் வைக்க வேண்டும். தேறினால் பச்சை ஸ்டிக்கர். தேறாததை எல்லார் கண்முன்னாலும் இரண்டாக அறுத்துவிடுவார், குப்பையிலிருந்து எடுத்து மறுபடி யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று.

அறுப்பதற்குக் கண்ணாடி, கையுறை, மார்பை மறைக்க ஒரு தோல் உறை. பார்க்கிறவர்களுக்குப் பெரிய அறுவை சிகிச்சை நிபுணர் ஞாபகம் வரவேண்டும் என்பது அவர் ஆசை. வந்தது என்னவோ கசாப்புக்கடைதான்.

தொழிற்சாலையில் அவருக்கு மஞ்சக்கோட்டார் என்று பெயர். படிக்கட்டு, தண்ணீர்க் குழாய், கழிவறை வாசல் என்று கண்ட இடத்திலெல்லாம் மஞ்சள் கோடு இழுத்து வைத்த புண்ணியவான். யாராவது 'ஹெல்மெட்' என்றால், 'தலைக்கவசம்' என்று திருத்துவார். கொட்டகைச் சுவரில் அவர் கையெழுத்தோடு ஒரு பலகை தொங்கியது: விழுவது குற்றமில்லை, மறைப்பதே குற்றம்.

போன வருஷம் ஃபிட்டர் ஒருவர் விழுந்ததைச் சொல்லாமல் பச்சை ஸ்டிக்கர் வாங்கப் பார்த்து மாட்டிக்கொண்டார். "ஒரு தடவை அடி வாங்கிட்டா அது தலைக்கவசம் இல்லை, வெறும் தொப்பி" என்று அவரை நிற்கவைத்து முக்கால் மணி நேரம் வகுப்பு நடந்தது.

அந்த ஃபிட்டர் இன்றைக்கு முதல் வரிசையில் கைகட்டி நின்றார்.

எட்டாவது ஹெல்மெட் மேலுக்குப் பளபளவென்றுதான் இருந்தது. வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. ஆனால் உள்ளே, இடது காதுக்கு மேல், தெர்மாகோல் கட்டைவிரல் புதையும் அளவுக்கு அமுங்கிக் கிடந்தது. குழிக்கு அடியிலிருந்து மயிரிழை போல ஒரு விரிசல்.

மூன்று வாரத்துக்கு முன்னால் துடைக்கும்போது விரலில் தட்டுப்பட்டது. அன்றிலிருந்து விரல் தினமும் அங்கே போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தது. குழி அங்கேயேதான் இருந்தது.

வீட்டில் மெதுவாக விசாரித்தார். "என் தலைக்கவசத்தை நீ எங்கயாவது கீழ போட்டியா?"

"அதைத் தொடணும்னாலே உங்ககிட்ட மனு எழுதிக் குடுக்கணுமே. நான் ஏன் தொடறேன்?" என்றாள் மனைவி.

பழியைப் போட ஆள் தேடுகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கீழே போட்டால் மேல்பக்கம்தான் கீறும். உள்பக்கம் இப்படி அமுங்க வேண்டுமென்றால் உள்ளே ஒரு தலை இருந்திருக்க வேண்டும். இதை வகுப்பில் நூறு தடவை சொன்னவர் அவரே. அவர் தலையைத் தவிர வேறு தலை அதில் நுழைந்ததில்லை.

அதற்குப் பிறகு அவர் சைக்கிளில் ஏறவில்லை. உருட்டிக்கொண்டே வேலைக்கு வந்தார். லாரி வந்தால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். அடுத்து இதையும் விதியாக்கிவிடப் போகிறார் என்று தொழிற்சாலையே கலங்கிப்போயிருந்தது.

இப்போது ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டால் போதும். சோதிக்கிறவரைச் சோதிக்க யார் இருக்கிறார்கள்? ஆனால் அப்புறம் அந்தத் தொப்பியோடுதான் சாலைக்குப் போகவேண்டும். இன்னொரு அடியை அது தாங்காது.

அறுத்தால் படிவம் உண்டு. பதினான்கு கேள்வி. ஒன்றைக்கூடக் காலியாக விடமுடியாதபடி அதைத் தயாரித்தவரும் அவர்தான். நிரப்பின படிவம் நேரே தொழிற்சாலை டாக்டர் மேஜைக்குப் போகும்.

"சார், உங்களோடது மட்டும்தான் பாக்கி" என்றார் படிவக் கட்டோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்டோர் அம்மா. "ஸ்டிக்கரா, ரம்பமா?"

ஸ்டிக்கரைத்தான் எடுத்தார். கையுறையோடு பின்தாளை உரிக்க வரவில்லை. கையுறையைக் கழற்றினார். அப்போதும் வரவில்லை, நகத்தால் சுரண்டினார். ஒருவழியாக உரிந்தது அவர் கட்டைவிரலிலேயே ஒட்டிக்கொண்டது. தேறிய விரல்.

பின்வரிசையில் ஒரு சிரிப்புச் சத்தம். ஃபிட்டர் சிரிக்கவில்லை. அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மஞ்சக்கோட்டார் ரம்பத்தை எடுத்தார்.

மூன்றே இழுப்பு. இடது பாதி மேஜையில் மல்லாக்க விழுந்தது. குழி எல்லாருக்கும் தெரிந்தது.

"அப்ப இத்தனை நாளும் தொப்பிதானா சார்?" என்றது பின்வரிசை.

ஃபிட்டர் திரும்பி முறைத்தார். பின்வரிசை அடங்கியது. அவரே ஒரு நாற்காலியை இழுத்துவந்து போட்டார். அதிகாரி ரம்பத்தை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

ஸ்டோர் அம்மா ஒரு படிவத்தை உருவிப் பேனா மூடியைத் திறந்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"விழறது எல்லாருக்கும் உள்ளதுதான் சார். என்னிக்கு விழுந்தீங்க, எந்த எடத்துலன்னு மட்டும் சொல்லுங்க. மிச்சத்தை நான் பாத்து எழுதிக்கறேன்."

அதிகாரி வாயைத் திறந்தார்.

விழுந்த நாள். விழுந்த இடம். எழுந்து வீடு வந்து சேர்ந்த வழி.

அப்படி ஒன்று நடந்த ஞாபகமே அவருக்கு இல்லை.