கெஹிந்தேக்களின் வரிசை

அடையாள அட்டை அலுவலகத்தில் கேமரா அவள் முகத்தைப் பார்த்தது. திரை சிவந்தது.

"உங்களுக்குத்தான் அடையாள அட்டை கொடுத்தாச்சே!" என்றார் அதிகாரி. சட்டையில் 'தைவோ' என்று பெயர் வில்லை.

"அது என் இரட்டைத் தங்கச்சி ஐயா. நம்ம ஊர்ல ஆணோ பொண்ணோ, எல்லா இரட்டைக்கும் தைவோ, கெஹிந்தேன்னுதானே பேர். உலகம் எப்படின்னு பார்க்கச் சின்னவ தைவோவை முதல்ல அனுப்பிட்டு, பெரியவ கெஹிந்தே பின்னால பிறப்பா. இது ஊர் ஆட்டுக்குட்டிக்கும் தெரியும், இந்தப் பெட்டிக்குத் தெரியாதா? இங்கேயும் அவளைத்தான் முதல்ல அனுப்பினேன்!"

"ஒரு முகத்துக்கு ஓர் அட்டைதான். மேலிடத்துக்கு எழுதியிருக்கோம்."

"எப்ப?"

"நாலு வருஷமாச்சு."

அவள் நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "அட்டை இல்லாம ஆஸ்பத்திரியில சேர்க்க மாட்டாங்களாம். தைவோவாப் பிறந்த உங்களுக்கு எங்க வேதனை எங்கே புரியும்?"

அப்போது வாசலில் சாப்பாட்டுத் தூக்கோடு ஒரு பெண் கூவினாள். "கெஹிந்தே! அமலாக் களி ஆறிப்போகுது!"

வரிசையில் நின்ற அத்தனை கெஹிந்தேக்களும் திரும்பினார்கள்.

அதிகாரியும் திரும்பினார்.

அவள் அவரையே பார்த்தாள். அவர் பெயர் வில்லையைக் கையால் மறைத்துக்கொண்டார்.

"தங்கச்சி அட்டையிலேயே பெத்துக்கோம்மா," என்றார் மெல்ல. "எனக்கு மூணு பிள்ளைங்க. பதிவுல மூணு பேருக்கும் அப்பா என் தம்பி தைவோதான்."