பக்கத்து நாற்காலியில் ஓர் அழுகை

பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தாள். தம்பி பாட்டுக்கு டீ குடித்துக்கொண்டிருந்தான்.

அடுத்த அறையில் உட்கார்ந்து இதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்த அண்ணனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"மனசுன்னு ஒண்ணு இருந்தா, எழுந்து என்னம்மான்னு ஒரு வார்த்தை கேட்கமாட்டானா டாக்டர்?"

அழுதவள் மேடை நாடகங்களில் நடிப்பவள். மனநோய் உள்ளவர்களுக்கு அடுத்தவர் துயரம் எவ்வளவு தூரம் புரிகிறது என்று டாக்டர் ஆராய்ச்சி செய்கிறார். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. காத்திருக்கும் ஆளுக்குப் பக்கத்தில் அவள் வந்து உட்காருவாள். போனில் ஏதோ கெட்ட செய்தி கேட்டதுபோல உடைந்து அழுவாள். சுவரில் இருக்கும் கேமரா வழியாக டாக்டர் பார்ப்பார். எழுந்து வந்து விசாரிப்பவர்களுக்கு மதிப்பெண் உண்டு.

தம்பிக்கு முட்டைதான்.

அவனுக்கு மனச்சிதைவு. மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, தான் உண்டு தன் வேலை உண்டு என்றுதான் இருக்கிறான். ஆனால் வீட்டுக்கு யாராவது வந்தால் முகம் கொடுத்துப் பேசமாட்டான், பாதிப் பேச்சில் எழுந்து போய்விடுவான். அண்ணனுக்கு மானம் போகும். ஊருக்கு வெளியே ஒரு காப்பகத்தை ஏற்கெனவே பேசி வைத்திருந்தான். கூடப் பிறந்தவனைத் தள்ளிவிட்டான் என்று நாலு பேர் பேசுவார்களே என்ற தயக்கம் மட்டும்தான் பாக்கி. டாக்டர் வாயால் ஒரு வார்த்தை வந்துவிட்டால் அந்தத் தொல்லையும் தீர்ந்தது.

"அவர் மேல தப்பில்ல. இந்த நோய்ல சில பேருக்குப் பக்கத்துல ஒருத்தர் அழுதாக்கூட உறைக்காது" என்றார் டாக்டர்.

"அப்ப, வீட்ல இருந்தாலும் காப்பகத்துல இருந்தாலும் அவனுக்கு ஒண்ணுதானே?"

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "பெரிய வித்தியாசம் தெரியாதுன்னுதான் நினைக்கிறேன்."

அண்ணன் அங்கேயே போனை எடுத்து, நாளைக்கே கொண்டுவந்து விடுவதாகக் காப்பகத்துக்குச் சொல்லிவிட்டான். பெரிய பாரம் இறங்கினதுபோல இருந்தது.

திரையில் அந்தப் பெண் மறுபடியும் அழுதுகொண்டிருந்தாள். இந்தத் தடவை சத்தமே இல்லை. போன் மடியில் கிடந்தது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"அடுத்த ஆளுக்கு ஒத்திகை பார்க்கிறாங்க" என்று டாக்டர் சிரித்தார். "கெட்டிக்காரப் பொண்ணு. ஆனா இப்படி அடக்கி அழுதா எடுபடாது. சொல்லணும்."

அப்போது தம்பி எழுந்தான். தன் நாற்காலியைக் கேமராவுக்குக் கீழே இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறினான். சட்டையைக் கழற்றினான். அடுத்த நொடி திரை இருண்டது.

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். தினம் தினம் இந்தக் கூத்துத்தான் என்று புலம்பிக்கொண்டே டாக்டரோடு ஓடினான்.

பனியனோடு வாசலை மறித்துக்கொண்டு நின்றான் தம்பி.

"கொஞ்ச நேரம் யாரும் உள்ள வராதீங்க. அவங்க அழறாங்க."

அது நடிப்பு என்று டாக்டர் பொறுமையாக எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார். உள்ளேயிருந்து அந்தப் பெண்ணின் குரல் வந்தது.

"அக்கா போயிட்டாங்க டாக்டர். இப்பதான் ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்தது."

டாக்டருக்கு முகம் சுண்டிப்போனது. அடுத்தவர் அழுகையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர். ஒரு நிஜ அழுகையைப் பார்த்து, எடுபடவில்லை என்று குறை சொல்லிவிட்டார். அவளைத் தன் காரிலேயே அனுப்பிவைத்துவிட்டு வந்தும் அந்த வெட்கம் அவரை விடவில்லை.

"நிஜமா அழறாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று தம்பியைக் கேட்டார்.

"முதல்ல அழுதப்போ, நான் பார்க்கிறேனான்னு ஓரக்கண்ணால பார்த்துக்கிட்டே அழுதாங்க. அப்புறம், யாரும் பார்த்துடக் கூடாதேன்னு அழுதாங்க."

டாக்டர் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"நான் சொன்னது தப்பு. இவருக்கு வித்தியாசம் தெரியும். காப்பகத்துக்கு அனுப்பறதா இருந்தா, முதல்ல இவர்கிட்ட கேளுங்க."

"காப்பகமா?" என்றான் தம்பி. "யாருக்கு?"

அண்ணன் இதை எதிர்பார்க்கவில்லை. சட்டென்று தம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தான்.

"உன்னைப் பிரிய எனக்கு மனசு வருமாடா? எல்லாம் உன் நல்லதுக்குத்தான்டா."

கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. தம்பியின் தோளில் முகத்தைப் புதைத்தவன், டாக்டர் பார்க்கிறாரா என்று தலையைத் தூக்கி ஓரக்கண்ணால் ஒரு தரம் பார்த்தான்.

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

தம்பியும் அதைக் கவனித்துவிட்டான். அண்ணனின் கைகளை மெல்ல விலக்கினான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

நடு அறையில் தனியாக நின்ற அண்ணனுக்கு, ஆரம்பித்த அழுகையை எப்படி நிறுத்துவதென்றுதான் தெரியவில்லை.